பிள்ளையின் இரத்தமும் பெற்றவள் மேல் பழியும்

தோழர்களே, அப்பனுக்கு 'ஏ', அம்மாவுக்கு 'பி', பிள்ளைக்கு மட்டும் 'ஓ' என்று கிளினிக் அட்டையில் இருந்தால் சிலருக்குப் புத்தி கெட்டுவிடுகிறது. "இந்த ஓ எங்கேருந்து வந்துச்சு?" என்று பெண்டாட்டியைக் கேட்கிறார்கள். மாமியாரும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

உங்க ரெண்டு பேர்கிட்டேருந்தும்தான் வந்துச்சு!

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, ஆக இரண்டு கூறுகள் பிள்ளைக்கு வருகின்றன. 'ஏ'யோ 'பி'யோ பக்கத்தில் இருந்தால் 'ஓ' மறைந்துகொள்ளும், அட்டையில் தெரியாது. அப்பன், அம்மா இருவருக்குள்ளும் அப்படி ஓர் 'ஓ' ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 'ஓ' பிள்ளை பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அதே வீட்டில் 'ஏ', 'பி', 'ஏபி' பிள்ளைகளும் பிறக்கலாம். 1924-லேயே பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மன் கணித அறிஞர் போட்டுக் காட்டிய கணக்கு இது. நம் லயத்துக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்!

'ஏபி' தகப்பனுக்கு 'ஓ' பிள்ளை பிறப்பது மிக அபூர்வம், வாஸ்தவம். அப்போதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அட்டையைத்தான். அவசரத்தில் மாற்றி எழுதுவது நடக்காத காரியமா? மூன்று பேருக்கும் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் கேட்கிற கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள்.