மிளகுக்கு எந்த ஊர்?

வயநாடும் இடுக்கியும் குடகும் பறித்த மிளகை விற்பதா, மூட்டையில் வைத்திருப்பதா என்று மட்டாஞ்சேரிச் சந்தை விலையைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. அந்த விலையைக் காக்க 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வகுத்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான இறக்குமதிக்குத் தடையே விதித்தது. உள்நாட்டு விலை 600ஐத் தாண்டிவிட்ட பிறகு இந்த வேலி முழங்கால் உயரம்கூட இல்லை. உயரமாக இருந்த காலத்திலும், ரசீதில் விலையை ஏற்றி எழுதத் தெரிந்தவருக்கு அது தடையல்ல.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இலங்கையுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியின்றி வரலாம். உலகிலேயே அதிகம் விளைவிக்கும் வியட்நாமின் சரக்கு, இலங்கைச் சான்றிதழோடு கொழும்பு வழியே நுழைகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். பிறப்பிடத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைக்கும் சுங்க விதிகள் 2020 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. வேலியை உயர்த்துவதைவிட அவற்றைக் கறாராக இயக்குவதே பயன் தரும். அப்படிச் செய்தால் மிளகுச் சாறு எடுக்கும் ஏற்றுமதி ஆலைகள் வாடும் என்பார்கள். ஆனால் ஏற்றுமதிக்கென வரும் சரக்குக்கு விலை வரம்பிலிருந்து ஏற்கெனவே விலக்கு உண்டு. அது பதமாகி வெளியே போகிறதா, உள்ளூர்ச் சந்தைக்குள் நழுவுகிறதா என்பதுதான் கேள்வி. இலங்கை விவசாயிக்கும் இதில் நஷ்டமில்லை: அவருக்குரிய 2,500 டன்னில் வேறொருவர் மிளகு ஏறாது.