சைக்கிள்காரன் தலையில் போட்டுத் தப்ப முடியாது



"சைக்கிள்காரன் குறுக்கே வந்துட்டான்." வரிப்பத்தான்சேனை வீதியில் யாராவது அடிபட்டு விழுந்தால் வாயில் வருகிற முதல் வார்த்தை இதுதான். விழுந்தவரைத் தூக்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. அண்மையில் கரும்பு ஏற்றிய பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு தோளில் இடித்து நமது உறுப்பினர் ஒருவர் வாய்க்காலுக்குள் விழுந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். அவர் சுபஹ் தொழுதுவிட்டு, கெரியரில் கத்தியையும் சோற்றுப் பார்சலையும் கட்டிக்கொண்டு இடது ஓரமாகவே போனவர். அதற்கும் இடப்பக்கம் போயிருந்தால் அவர் சைக்கிள் ஓட்டியிருக்க முடியாது, நீந்தித்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பைச் சொன்னவர் வேறு யாருமல்ல, நமது சங்கத்து ட்ரக்டர்ச் சாரதி. விழுந்தவரும் நமது சங்கம். ஆகவே இதை மூடி மறைக்காமல் பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நமது வட்டைக்குள் போகும் கொங்கிரீட் வீதி ஒன்று பன்னிரண்டு அடி அகலம் என்று வையுங்கள். கரும்புப் பெட்டி எட்டு அடி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி கரும்பு நீட்டிக்கொண்டிருந்தால் பத்து அடி. மிச்சம் இரண்டு அடி. சைக்கிளின் கைபிடி மட்டும் ஏறத்தாழ இரண்டு அடி. அப்படியானால் அந்த வீதியில் முந்திப் போவதற்கு இடமே இல்லை. இடமில்லாத இடத்தில் முந்தினால் அது விபத்து அல்ல, தெரிந்து செய்கிற வேலை. வீதி ஒடுக்கம் என்பது சாரதிக்குச் சாட்டு ஆகாது. ஒடுக்கம் என்பதால்தான் அவர் பின்னால் பொறுத்து வர வேண்டும்.

"ஹோன் அடித்தேனே" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பத்தடியில் வந்து ஹோன் அடித்தால் சைக்கிளில் போகிறவர் திடுக்கிடுவார், கைபிடி ஆடும், வண்டி வீதிக்குள் திரும்பும். பிறகு "குறுக்கே வந்தான்" என்பார்கள். தூரத்தில் வரும்போதே ஒரு தரம் மெதுவாக அடித்தால் போதும். ஹோன் என்பது "நான் வருகிறேன்" என்று சொல்வதற்கு. "நீ இறங்கு" என்று சொல்வதற்கு அல்ல.

"இருட்டில் தெரியவில்லை" என்பார்கள். இது பாதி உண்மை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடும். ஆளைக் கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்றால், அதற்குள்ளேயே 16 மீற்றருக்கு மேல் போய்விடும். அதன் பிறகுதான் பாரம் ஏற்றிய பெட்டி நிற்கத் தொடங்கும். முன்லைட் மங்கலாக எரிந்து 25 மீற்றர்தான் தெரிகிறது என்றால் 40இல் ஓடக்கூடாது. வெளிச்சம் போகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வளைவில் இன்னொரு ஆபத்து உண்டு. ட்ரக்டரின் முன்சில்லு தப்பிப் போனாலும் பெட்டியின் சில்லு உள்பக்கம் வெட்டிக்கொண்டுதான் வரும். வளைவுக்குள் நிற்கிற சைக்கிளை மடக்குவது அந்தப் பின்சில்லுதான்.

பெரிய வண்டி ஓட்டுபவருக்கே பெரிய பொறுப்பு என்பது நாம் கண்டுபிடித்த புதுக்கதை அல்ல. பிரித்தானியா 2022 ஜனவரியில் தனது வீதி ஒழுங்கு நூலைத் திருத்தியபோது இதையே முன்னால் எழுதியது. அதிகச் சேதம் செய்யக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு. சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீற்றர் விட வேண்டும். பிரான்சில் ஊருக்குள் ஒரு மீற்றர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீற்றர் என்பது சட்டம். நமது வீதியில் ஒன்றரை மீற்றர் விட முடியாதென்றால், அகலமான இடம் வரும் வரை காத்திருப்பதே நமது சட்டமாக இருக்கட்டும். பாதைக்கும் உரிமை உண்டென்று ஜும்ஆவில் கேட்காதவர் நம்மில் யார்? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே நன்மை என்றால், பாதையில் போகும் மனிதனை அகற்றுவது என்ன?

இனி சாரதித் தோழர்களின் பக்கம். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நாம் கேட்க வேண்டும். வெட்டிய கரும்பு காத்திருக்காது. வெட்டியதிலிருந்தே அதன் சீனி குறையத் தொடங்குகிறது, எரித்து வெட்டியது இன்னும் வேகமாகக் கெடும். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்றுக்கூலியோ டன் கணக்கு, நடைக் கணக்கு. ஆலை வாசலில் வரிசையில் நின்ற மணித்தியாலத்துக்கு எவரும் சதம் கொடுப்பதில்லை. அந்த நட்டத்தை வீதியில் ஓடிப் பிடிக்கப் பார்க்கிறார் சாரதி. பெட்டிக்கு மேல் பெட்டியாகப் பாரம் ஏற்றுவதும், நான்காவது நடைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு புறப்படுவதும் இதனால்தான்.

ஆனால் தோழரே, அந்த அவசரத்தில் இலாபம் யாருக்கு? கொந்தராத்துக்காரருக்கு. அபாயம் யாருக்கு? உங்களுக்கும் சைக்கிளில் வரும் உங்கள் மச்சானுக்கும். அடிபட்டால் பொலிஸில் நிற்பது நீங்கள், வைத்தியசாலையில் கிடப்பது அவர். நடைக் கணக்குப் போட்டவர் இரண்டு இடத்திலும் இருக்கமாட்டார். தொழிலாளி தொழிலாளியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அவருக்கு நிம்மதி.

கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது வாய்க்கால் கட்டுகளில் போனது மாட்டு வண்டியும் சைக்கிளும்தான். ஹிங்குராணையில் சீனி ஆலை வந்தது, பல வருடம் பூட்டிக் கிடந்தது, மறுபடி திறந்தது. ட்ரக்டரும் லொறியும் பெருத்தன, வீதி பெருக்கவில்லை. சைக்கிளும் ஒழியவில்லை. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது நம்மை வேலைக்குக் கொண்டுபோனது எது? மூலையில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலாதான். அன்று அதைத் துடைத்து எண்ணெய் போட்டவர்களே இன்று அதற்கு வழிவிட மறுப்பது நன்றிகெட்ட வேலை.

சைக்கிளில் போகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. மூன்று பேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு போவதற்கு இது கடற்கரை அல்ல. பின்னால் சத்தம் கேட்டதும் ஒருவர் பின் ஒருவராகுங்கள். கெரியரில் விறகையும் கரும்பையும் குறுக்கே கட்டாதீர்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். திரும்புவதற்கு முன் பின்னால் பார்த்துக் கை காட்டுங்கள். பின்மட்காட்டில் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் பூட்டுங்கள், அது ஒரு வேளைத் தேநீர்ச் செலவு. மஃரிபுக்குப் பிறகு குர்ஆன் மதரஸாவிலும் டியூசனிலும் இருந்து வரும் பிள்ளைகளுக்கு லைட் இல்லாமல் சைக்கிளைக் கொடுக்காதீர்கள், உம்மாமாரே. ஆனால் இவற்றில் ஒன்றைத் தவறவிட்டவருக்குத் தண்டனை மரணம் அல்ல என்பதைச் சாரதித் தோழரும் நினைவில் வைக்க வேண்டும்.

சங்கம் கேட்க வேண்டியவை இவை:

1. சிவப்பு ரிப்ளெக்டரும் எரிகிற பின்லைட்டும் இல்லாத பெட்டி வயலைவிட்டு வெளியே வரக்கூடாது. மகாராஷ்டிராவில் ஆலைப் பருவம் தொடங்கும்போது கரும்பு ட்ரக்டர்ப் பெட்டிகளுக்கு இதை ஒட்டுகிறார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

2. பெட்டிக்கு வெளியே கரும்பு நீட்டக்கூடாது. ஏற்றி முடிந்ததும் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டுவதற்கான நேரத்துக்கும் கூலி வேண்டும்.

3. ஆலை வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குக் கொடுப்பனவு வேண்டும். இது கிடைத்தால் பாதி வேகம் தானாகக் குறையும்.

4. பாடசாலை தொடங்கும், கலையும் அரை மணி நேரம் ஊர் வீதியில் கரும்பு வண்டி ஓடக்கூடாது.

5. கத்தியும் கையுறையும் போல, இருட்டில் வேலைக்கு வருபவரின் சைக்கிளுக்கு லைட்டும் வேலை கொடுப்பவர் பொறுப்பு.

6. பிரதேச சபை வளைவுகளில் பற்றை வெட்ட வேண்டும். வாய்க்கால் வீதிகளில் இடைக்கிடை ஒதுங்குமிடம் அமைக்க வேண்டும்.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் இப்போது நட்டஈடு கேட்கலாம். வீதியில் அடிபட்டது வீட்டுக் காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிறகு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், வைத்தியசாலை டிக்கட்டைப் பத்திரப்படுத்துங்கள், சங்கத்துக்கு அறிவியுங்கள். "நமக்குள்ளே பேசி முடிப்போம்" என்று ஐயாயிரம் ரூபாயை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள்.

இந்த நாட்டில் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். அந்தக் கணக்கில் நமது ஊர்ப் பெயர் சேர்ந்த பிறகு கண்டனக் கூட்டம் வைப்பதில் பயனில்லை. நாளைக் காலை, முன்னால் ஒரு சைக்கிள் போகிறது என்றால், சாரதித் தோழரே, காலை எடுங்கள், பின்னால் போங்கள். ஒதுங்குமிடத்தில் அவர் ஒதுங்கிக் கை காட்டுவார். நீங்களும் ஒரு கை தூக்கிவிட்டுப் போங்கள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து, காத்திருந்த நேரத்துக்குக் கூலி கேட்டு வாருங்கள். சங்கம் முன்னால் நிற்கும்.