கடையை அடைத்துவிட்டுக் கோட்டை பார்க்கப் போனோம்



நமது இதழில் இதுவரை சரக்கு விலை, வரி, உரிமம், தராசு முத்திரை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை ஊர் சுற்றிப் பார்த்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அறுபத்தாறு வயதில் இவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எண்ண வேண்டாம். முடிவில் நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அதற்காகவே இந்தக் கதை.

நான் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பதினெட்டு வயதில் அப்பாவின் கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்தேன். அப்பா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்குச் சரக்கு போகும். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என்ற பெயர்கள் தினமும் அவர் வாயில் வரும். ஆனால் அம்மாவையோ எங்களையோ ஒரு தடவைகூட அவர் அங்கே அழைத்துப் போனதில்லை. கேட்டால், "கடையை யார் பார்க்கிறது?" என்பார். அதே பதிலைத்தான் பிற்காலத்தில் என் மகனிடம் நானும் சொன்னேன்.

அதற்கு உரிய விலையையும் கொடுத்தேன். படித்து முடித்தவனைக் கடைக்கு வா என்றபோது, "எப்பா, ஒரு நாளாவது எங்களோட எங்கயாவது வந்திருக்கீங்களா? அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

சென்ற ஏப்ரலில் பேரன் பேத்திக்குத் தேர்வு முடிந்ததும், என்னைக் கேட்காமலே ஆறு பேருக்கும் இலங்கைக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கை ஏற்றிவிட்டு, மறுநாள் மதுரையில் விமானம் ஏறினோம். ஒரு மணி நேரத்தில் கொழும்பு.

முதலில் கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைப் பார்த்தோம். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. 1911இல் காலி நகரில் ஒரு வாய்க்காலுக்கு மூடு கல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். எழுத்து தேய்ந்திருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஒரு காணிக்கைப் பட்டியல் அதில் இருக்கிறது. சீனாவிலிருந்து வந்தவன் தமிழில் ஏன் வெட்டினான் என்று பேரன் கேட்டான். அந்தக் கடற்கரையில் வியாபாரம் செய்தவர்களிடையே அன்று தமிழும் வழங்கியது, அதனால்தான் இருக்கும் என்றேன். அவனுக்குப் பதில் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு வேனில் காலிக்குப் போனோம். 1588இல் போர்ச்சுக்கீசியர் தொடங்கிய கோட்டை. 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துப் பெரிதாக்கிக் கட்டினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வெளியே காலி நகரம் சிதைந்தபோது, உள்ளே இருந்தவர்களைப் பெருமளவு காப்பாற்றியது அந்த மதில்தான். 1988 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனாலும் வெறும் காட்சிப் பொருள் அல்ல. உள்ளே வீடுகள், பள்ளிவாசல், மாதா கோயில், நீதிமன்றம், கடைகள் எல்லாம் இருக்கின்றன. மதில் மேல் நடந்தே சுற்றி வரலாம். முழங்கால் வலிக்காரியான என் மனைவியும் மெதுவாக நடந்து வந்தாள்.

மதியம் ஒரு மணிக்கு மதிலோரம் நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். "இந்நேரம் உங்களுக்குக் கேரியர் கொடுத்தனுப்பியிருப்பேன். கல்யாணமாகி மத்தியானச் சோறு சேர்ந்து சாப்பிட்டது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னாள். அந்தக் கணக்கில் ஒரு தவறும் இல்லை என்பதால் நான் பேசாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் பக்கத்துக் கிராமத்தில் பட்டை உரிக்கிற இடத்துக்குப் போனோம். மேல்தோலைச் சுரண்டி எடுத்து, உள்பட்டையைக் கிழியாமல் உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 42 அங்குல நீளக் குழலாக்கி உலர்த்துகிறார்கள். நம் கடைகளில் பட்டை என்று நிறுக்கும் தடித்த சரக்கு பெரும்பாலும் காசியா. இது மெல்லிய சுருள் பட்டை. ஒல்லாந்தர் கடல் கடந்து வந்து கோட்டை கட்டியதற்கு இந்தப் பட்டையே முக்கியக் காரணம். நான் ஒடித்து முகர்ந்து தரம் பார்த்ததை என் மகன் கவனித்துக்கொண்டே நின்றான். பிறகு காசியாவை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கிருந்து வருகிறது, லாபம் என்ன நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். என் தொழிலைப் பற்றி அவன் என்னோடு ஒரு மணி நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன்.

நாங்கள் போனது சித்திரைப் புத்தாண்டு நேரம். சிங்களவரும் தமிழரும் ஒன்றாகக் கொண்டாடும் பண்டிகை அது. நாடு முழுவதும் கடைகள் இரண்டு மூன்று நாள், சில இடங்களில் அதற்கு மேலும் மூடிக் கிடக்கின்றன. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். திரும்பியதும் நல்ல நேரம் பார்த்து முதல் கொடுக்கல் வாங்கல். நம்மவர்கள் அதைக் கைவிசேஷம் என்கிறார்கள். கோட்டைக்குள் நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். அவருக்கு அது பண்டிகை இல்லை. ஆனாலும் கடையை அடைத்திருந்தார். நட்டம் இல்லையா என்றேன். "எல்லாரும் மூடுற நேரம் யாருக்கு நட்டம்?" என்று சிரித்தார்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. நாம் கடையை மூடப் பயப்படுவது ஒரு நாள் விற்பனைக்காக அல்ல, வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடுமே என்பதற்காக. அந்தப் பயம் பொய்யில்லை. நான் இல்லாத ஆறு நாளில் இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் வேறு மண்டியில் சரக்கு எடுத்தார்கள். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை. பயணச் செலவு மொத்தம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வத்தல் கிலோவுக்கு 24 ரூபாய் இறங்கினால் பத்து டன்னில் அந்தத் தொகை போய்விடும். அப்படிப் போன நாட்கள் நமக்கெல்லாம் உண்டு. ஆனால் போன வாடிக்கையை அப்படி ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஆகவே இது தனி ஒருவரால் ஆகிற காரியம் இல்லை, சங்கம்தான் செய்ய வேண்டும்.

1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேலையாளுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. முதலாளிக்கு விடுமுறை தர எந்தச் சட்டமும் இல்லை. மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். அதோடு இன்னும் மூன்று நாள் சேர்த்து, மே 8 வரை மொத்தக் கடைகள் அனைத்தும் விடுமுறை என்று சங்கம் அறிவிக்கலாம். பிள்ளைகளுக்கும் அது பள்ளி விடுமுறைக் காலம். சில்லறைக் கடைகள் ஒரே சமயத்தில் மூடினால் பொதுமக்கள் சிரமப்படுவார்கள். அதனால் தெருவில் பாதிக் கடைகள் 6 முதல் 8 வரையும், மறு பாதி 9 முதல் 11 வரையும் அடைக்கலாம். நீங்கள் மூடும்போது உங்கள் வாடிக்கை எனக்கு, நான் மூடும்போது என் வாடிக்கை உங்களுக்கு. ஒரு மாதம் முன்பே பலகை வைத்துவிட வேண்டும். அந்த வாரத்துப் பாக்கித் தவணையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு அந்த நாட்களின் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாவிட்டால் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

எல்லோரும் இலங்கைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் பேத்தி, "நம்ம ஊர்ல கோட்டை இல்லையா தாத்தா?" என்று கேட்டாள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதே ஆண்டு தூத்துக்குடியையும் பிடித்துக் கோட்டை வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டை இன்று இல்லை. அதனால் அவளைக் கொற்கைக்கு அழைத்துப் போனேன். ஏரலுக்குச் சரக்கு அனுப்பும்போதெல்லாம் என் லாரி அந்தப் பக்கமாகத்தான் போகிறது. நான் அங்கே இறங்கி நின்றது அன்றுதான்.

ஒரு குளம், கோயில், பழைய வன்னி மரம், சுற்றிலும் வயலும் வாழையும். கோட்டை இல்லை, கடலும் இல்லை. கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணித்திருக்கிறார்கள். முத்துக்காகக் கிரேக்கரும் ரோமரும் அறிந்திருந்த துறைமுகம் அது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகவே, வியாபாரம் பழையகாயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. பேத்தி வயலோரத்து மண்ணில் ஒரு சிப்பி ஓட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். இங்கே நம்மைப் போன்ற கடைக்காரர்கள் இருந்தார்களா என்று கேட்டாள். இருந்தார்கள் என்றேன்.

போக வர லாரி வாடகைகூட ஆகாத பயணம் அது. அதற்கே எனக்கு நாற்பத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது. சின்னக் கடைகளுக்குப் பெரிய கம்பெனிகளால் ஆபத்து என்று மேடைதோறும் பேசுகிறோம். அது உண்மைதான். நம் பிள்ளைகளே கடைக்கு வர மறுப்பதும் அதே அளவு ஆபத்து. அதற்குக் காரணம் நாம்தான் என்பதால், சரி செய்வதும் நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். உறுப்பினர்கள் ஆதரவு தர வேண்டுகிறேன். மறுப்பு உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லுங்கள். மதியம் ஒரு மணிக்கு மட்டும் கடையில் இருக்க மாட்டேன், சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பேன்.