வீட்டுக்கும் வீதிக்கும் தீபாவளி

ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். ஜவுளி எடுத்தாயிற்றா? பட்சணத்துக்கு மாவு அரைத்தாயிற்றா? மாப்பிள்ளைக்குச் சொல்லியாயிற்றா? இந்தப் பேச்சுக்களுக்கு நடுவே, சில வருஷங்களாக இன்னொரு கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. 'வெடி வாங்கலாமா, வேண்டாமா?' என்பதுதான் அது.

வாங்கினால் புகை. வாங்காவிட்டாலோ குழந்தையின் முகம் வாடுகிறது. போதாக்குறைக்கு, சிவகாசி வட்டாரத்தில் லட்சக்கணக்கானவர்களின் அடுப்பு எரிவதும் அந்த வெடியை நம்பித்தான். 'தீபாவளி என்றாலே வெடிதான். அதில் கை வைக்காதே' என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். 'தீபாவளியே சுற்றுப்புறத்துக்குக் கேடு' என்று மற்றொரு சாரார் சொல்லுகிறார்கள். இரண்டுமே அவசரப் பேச்சு. தீபாவளியை வீட்டில் எப்படிக் கொண்டாடி வந்திருக்கிறார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இந்த வழக்குக்கு வீட்டுக்குள்ளேயே தீர்ப்புக் கிடைத்துவிடும்.

விடியுமுன் தொடங்கும் விழா

வடநாட்டில் தீபாவளி இரவுப் பண்டிகை. அமாவாசை இருட்டில் வரிசையாக விளக்கேற்றி லட்சுமி பூஜை செய்கிறார்கள். வியாபாரிகள் புதுக் கணக்குத் தொடங்குகிறார்கள். சமணர்களுக்கு அது மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள்.

தமிழ்நாட்டிலோ தீபாவளி அதிகாலைப் பண்டிகை. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று, பொழுது விடியுமுன் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுதான் இங்கே பண்டிகையின் உயிர். அன்று எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் வாசம் செய்வதாக ஐதிகம். 'கங்கா ஸ்நானம் ஆயிற்றா?' என்று ஒருவரையொருவர் விசாரிப்பது அதனால்தான்.

நரகாசுரன் கதையை அறியாத குழந்தை கிடையாது. கண்ணனும் சத்தியபாமாவும் அவனை வென்றார்கள்; தான் மாண்ட நாளை உலகம் நீராடி, விளக்கேற்றி, மகிழ்ந்து கொண்டாட வேண்டும் என்று அவன் வரம் கேட்டான் என்பது கதை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தனக்கு வந்த துன்பம் பிறருக்கு இன்பமாகட்டும் என்று ஓர் அசுரனே கேட்டான். அப்படியிருக்க, தன் இன்பம் பிறருக்குத் துன்பமாகக் கூடாது என்று மனிதன் நினைக்க வேண்டாமா?

எண்ணெயும் மருந்தும்

முதல் நாளே வெந்நீர்த் தவலையைத் துலக்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, நீர் நிரப்பி வைப்பது பழைய வழக்கம். இன்று தவலை இருந்த இடத்தில் மின்சாரக் கொதிகலன் தொங்குகிறது. அதனால் குறைவொன்றும் இல்லை. ஆனால் வீட்டில் மூத்தவர் மணையில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெய் வைத்து வாழ்த்துகிறாரே, அந்தச் சுகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால், ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி காத்திருக்கிறது.

அடுத்தது தீபாவளி மருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை இடித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய லேகியம். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் ஊறிய நாள்; பொழுது விடிந்தால் அதிரசமும் முறுக்கும் சுழியமும் வயிற்றுக்குள் படையெடுக்கப் போகின்றன. படை வருமுன் காவல் வைத்த பாட்டிமார்களின் புத்தியை மெச்சத்தான் வேண்டும்!

பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது? அதையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உடம்புக்கு ஆகாது. சாக்கடையில் கொட்டினால் அது கெட்டியாகிக் குழாயை அடைக்கும். ஆறவைத்துப் பழைய காகிதத்தில் ஊற வைத்துக் குப்பையில் சேர்ப்பது நல்லது. முதலிலேயே அளவாக எண்ணெய் வைத்துச் சுடுவது அதைவிட நல்லது.

வாசலுக்கு எது அழகு?

வாசலில் செம்மண் பட்டையிட்டு, அரைத்த அரிசிமாவால் இழைக்கோலம் போட்டால் தனிக் களைதான். கோலத்தை எறும்பு தின்னும், குருவி கொத்தும் என்று தெரிந்தேதான் அரிசிமாவில் போட்டார்கள். சாயம் ஏற்றிய கல்பொடிக் கோலம் கண்ணைப் பறிக்கலாம். அது எந்த உயிருக்கும் உணவாகாது.

நிலைவாசலுக்கு மாவிலைத் தோரணம் போதும். வாடினால் செடிக்கு எருவாகும். பிளாஸ்டிக் பூச்சரமும் ஜிகினாத் தோரணமும் ஒரு நாள் மினுக்கிவிட்டு மறுநாள் தெருவுக்கு வருகின்றன. தீபாவளி வருவது மழைக்காலத்தில் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு தெரு தள்ளி மழைநீர் வடிகாலை அடைத்துக்கொண்டு நிற்பது, பல சமயம், இப்படிப்பட்ட அலங்காரம்தான். மின்சார விளக்குச் சரம் தொங்கவிடுகிறவர்கள், நனைந்த சுவரும் கிழிந்த வயரும் சேர்ந்தால் உயிருக்கே அபாயம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அகல் விளக்கு இருக்கிறதே, அது சிக்கனமான அலங்காரம். தமிழருக்குப் பெரிய விளக்குத் திருநாள் கார்த்திகை. தீபாவளிக்கு வாங்கிய அகலைக் கழுவி வைத்தால் அடுத்த மாதத்துக்கும் அதுவே ஆகும். உடைந்தாலும் மண்ணோடு மண்ணாகும். வாங்கும் காசு குயவர் வீட்டுக்குப் போகும். ஜவுளிக்கும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு கைத்தறித் துணி எடுத்தால் ஒரு நெசவாளர் வீட்டில் தறி ஓடும். 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவுச் சங்கம் அதற்காகத்தானே கடை விரித்திருக்கிறது!

வெடியின் கதை

இனி வெடிக்கு வருவோம். எண்ணெய், புதுத்துணி, விளக்கு, பலகாரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் வெடி பின்னால் வந்த விருந்தாளி. வெடிமருந்து சீன தேசத்தில் பிறந்தது. 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே வாணவேடிக்கை கண்டு வியந்து எழுதினார். நெடுங்காலம் அது அரண்மனை வேடிக்கையாகவே இருந்தது. வீட்டுக்கு வீடு வெடி வந்தது சிவகாசி எழுந்த பிறகுதான். மழை பொய்க்கும் அந்தக் கரிசல் சீமையிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. விவசாயத்துக்கு உதவாத வறண்ட காற்று வெடிமருந்து உலர்வதற்கு உதவியது.

அந்தத் தொழில் சோறு போட்டது, உயிரும் கேட்டது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். பிறகும் விபத்துக்கள் நின்றபாடில்லை. பில் இல்லாமல், உரிமம் இல்லாத இடத்தில், மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் வெடிக்கு மிச்ச விலையைக் கொடுப்பவர் யார் என்பதை வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

புகை விஷயமும் லேசானதல்ல. பச்சை ஒளிக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குச் செம்பு, வெள்ளைக்கு அலுமினியம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உலோகம் எரிகிறது. அதன் நுண்துகள் தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு கூட இராது, மூக்கு வடிகட்டாது, நேரே நுரையீரலின் அடி வரைக்கும் போகும். காற்று அசையாத குளிர்ந்த விடியற்காலையில் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்குகிறது. ஆஸ்துமாக்காரரும் கைக்குழந்தையும் தீபாவளி முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 'சத்தமில்லாதது, குழந்தைக்கு நல்லது' என்று வாங்கிக் கொடுக்கும் பாம்பு மாத்திரைதான், 2016-ல் புனாவில் நடந்த ஆய்வின்படி, நுண்துகளைக் கக்குவதில் முதலிடம் பெற்றது!

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நடுவழித் தீர்ப்பு ஒன்றை அளித்தது. வெடியை அடியோடு தடுக்கவில்லை. பேரியம் உப்புக் கலந்தவையும் சரவெடியும் கூடாது. புகை குறைந்த பட்டாசு மட்டும். அதுவும் தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டும் என்றது. தமிழ்நாட்டின் அதிகாலை வழக்கத்தைக் கருதி, மாநில அரசு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அந்த ஆண்டு நேரம் வகுத்தது. நாகபுரி நீரி ஆராய்ச்சி நிலையம் வகுத்த பசுமைப் பட்டாசு, துகளைச் சுமார் 30 சதவிகிதம் குறைக்கக் கூடியது. 'பசுமை' என்றால் புகையே இல்லை என்று பொருளல்ல. குறைவு என்றுதான் பொருள். ஆகவே பெட்டியில் முத்திரை இருக்கிறது என்பதற்காக இரட்டிப்பாக வாங்கினால் பலன் பூஜ்யம்.

ஒரு கிராமம் காட்டிய வழி

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்த கண்மாய்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வருகின்றன. பறவை மிரளும் என்பதற்காக அவ்வூரார் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் கட்டளை போட்டு இது வரவில்லை. ஊரே கூடி ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. அங்கும் எண்ணெய்க் குளியல் உண்டு, புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு. வெடி இல்லாததால் தீபாவளி குறைந்து போய்விடவில்லை.

எல்லா ஊரும் கொள்ளுக்குடிப்பட்டி ஆக முடியாது. ஆனால் எல்லாத் தெருவிலும் ஒரு நோயாளி இருக்கிறார். ஒரு பச்சைக் குழந்தை இருக்கிறது. நடுங்கிக் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய் ஒன்று இருக்கிறது. கொக்குக்குக் காட்டும் கருணையை அண்டை வீட்டுக்காரருக்குக் காட்டக் கூடாதா?

வீட்டுக்கு வீடு செய்யக் கூடியது

வெடிக்கென்று ஒதுக்கும் பணத்தைப் பாதியாக்கலாம். உரிமம் பெற்ற கடையில் பில்லுடன் வாங்கலாம். குறித்த நேரத்தில் மட்டும், தெருவே ஓரிடத்தில் கூடிப் பெரியவர் முன்னிலையில் கொளுத்தலாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். குழந்தைக்குப் பருத்திச் சட்டை போடட்டும். சுட்டுக்கொண்டால் மையும் பற்பசையும் நெய்யும் தடவாமல், 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வெடிக்காமல் போனதை மறுபடி கொளுத்தக் கூடாது. தண்ணீரில் நனைத்துவிட வேண்டும்.

பிறகு குப்பை. மறுநாள் காலையில் தெருவெல்லாம் சிவப்புக் காகிதம் மெத்தை விரித்துக் கிடக்கும். 'அதிகமாகக் கிடந்தால் அதிகமாக வெடித்தோம்' என்பது சில வீட்டாருக்குப் பெருமை. அதைக் குனிந்து கூட்டி அள்ளுகிறவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களுக்கும் வீடு உண்டு, குழந்தைகள் உண்டு, தீபாவளி உண்டு. மழை தொட்டுவிட்டால் அந்தக் காகிதத்தோடு மருந்தும் கரைந்து வடிகாலுக்குப் போகும். தன் வாசல் குப்பையைத் தானே கூட்டி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் கட்டிக் கொடுப்பதற்கு அரை மணி நேரம் போதும். வெடியில் மிச்சம் பிடித்த பணத்தில் அவர்களுக்கு ஒரு வேட்டியோ புடவையோ எடுத்துக் கொடுத்தால் அது உண்மையான தீபாவளி இனாம்.

பலகாரத் தட்டைத் துணியால் மூடிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது தமிழ்நாட்டின் பழைய பழக்கம். மதம் பார்த்து அந்தத் தட்டு நிற்பதில்லை. காலித் தட்டைத் திருப்பாமல், அதில் ஏதாவது வைத்துத்தான் திருப்புவார்கள். இனிப்பு அனுப்பும் வீட்டுக்குப் புகையை அனுப்பாமல் இருப்பதும் அந்தப் பழக்கத்தைச் சேர்ந்ததே. இந்த வருஷம் தட்டோடு ஒரு வார்த்தையும் போகட்டும்: 'எங்கள் வீட்டில் வெடி ஏழு மணிக்கு, எட்டு மணிக்கு முடிந்துவிடும். அதுவரைக்கும் பெரியவரை உள்ளறையில் இருக்கச் சொல்லுங்கள்.'