லோடு ஆட்டோவை டிராக்டர் டிரெய்லரில் பாதுகாப்பாகக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: ‘‘காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போய்வரும் எங்கள் மூன்று சக்கர லோடு ஆட்டோ, என்ஜின் பழுதாகி நிற்கிறது. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித் திண்டிவனத்தில் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். ஏறத்தாழ 30 கி.மீ. தூரம். போன முறை இப்படிக் கொண்டுபோனபோது, வண்டியைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் மேலே நின்றார்கள். வளைவில் ஆட்டோ சாய்ந்ததில் ஒரு பையனுக்குக் கால் நசுங்கத் தெரிந்தது. சரியாகக் கட்டுவது எப்படி? ஆட்களை மேலே நிறுத்தலாமா?’’
– வாசகர், செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஆட்களை மேலே நிறுத்தவே கூடாது. ஒருவரைக்கூட நிறுத்தக் கூடாது.

இரண்டு சக்கர வண்டியை ஏற்றும்போது எல்லோருமே கவனமாகக் கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் அது கண்ணெதிரிலேயே விழுந்துவிடும். மூன்று சக்கர வண்டி தானாக நிற்கும். ‘அதுதான் நிற்கிறதே, ஒரு கயிறு போட்டால் போதும்’ என்று தோன்றும். ஆபத்து தொடங்குவது இந்த நினைப்பில்தான். நிற்கிற தரையில் நிற்பது வேறு. ஓடுகிற டிரெய்லரில் நிற்பது வேறு.

கணக்குப் பார்த்தால் விஷயம் புரியும். காலி லோடு ஆட்டோவின் எடை பொதுவாக 400 முதல் 500 கிலோ வரை இருக்கும் (ஆர்.சி.யில் ‘அன்லேடன் வெயிட்’ என்ற இடத்தில் சரியான எடை இருக்கும்). 450 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஓடும் வண்டியில் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதிகள், முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 சதவிகிதமும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவிகிதமும் தாங்க வேண்டும் என்கின்றன. அதாவது, சடன் பிரேக் போட்டால் இந்த ஆட்டோ 360 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ சிப்பங்கள் ஒன்பதின் எடை அது. வளைவில் பக்கவாட்டில் 225 கிலோ. இதில் ஒரு பகுதியைத் தளத்தின் உராய்வு தாங்கும். மீதியைக் கட்டும் ஆப்பும்தான் தாங்க வேண்டும். இரண்டு பேர் கையால் பிடிக்கிற வேலை அல்ல இது. வண்டிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் நிற்பவருக்கு ஒதுங்கவும் இடம் இருக்காது.

இனி, வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

ஏற்றுவதற்கு முன்பு

லோடு ஆட்டோவின் நீளம் 10 அடியை ஒட்டி இருக்கும். டிரெய்லரின் பின்கதவை மூட முடிகிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். டீசல், பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். கேஸ் வண்டியாக இருந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, மேலே போட்ட தார்ப்பாய் ஆகியவற்றை இறக்கிவிடுங்கள்.

இரண்டு சக்கர டிரெய்லர் என்றால், டிராக்டரோடு மாட்டாமல் வண்டியை ஏற்றவே கூடாது. பின்முனையில் எடை ஏறியதும் டிரெய்லரின் முன்பக்கம் தூக்கி அடிக்கும். டிராக்டரோடு மாட்டி, பிரேக் போட்டு, டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்முனைக்கு அடியிலும் முட்டுக் கட்டை கொடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

டிரெய்லரின் இரும்புத் தகட்டில் மண், வைக்கோல், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமாகக் கூட்டித் துடையுங்கள். மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் ரப்பர் பாய் இருந்தால், சக்கரங்கள் நிற்கும் இடத்தில் போடுங்கள். வெறும் தகட்டைவிட ரப்பரில் டயருக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும்.

பலகை இரண்டு அல்ல, மூன்று

டிரெய்லரின் தளம் 3 அடி உயரம் என்றால், 9 அடிப் பலகையில் 450 கிலோ வண்டியை ஏற்ற 150 கிலோ அளவுக்கு இழுவிசை வேண்டும். 12 அடிப் பலகையில் அது 112 கிலோவாகக் குறையும். பலகை எவ்வளவு நீளமோ, அவ்வளவு நல்லது. லோடு ஆட்டோவுக்கு முன்சக்கரம் நடுவில் இருப்பதால், மூன்று பலகைகள் தேவை. இரண்டு பலகையைப் போட்டுவிட்டு, முன்சக்கரத்தை ஆட்கள் தூக்கிப் பிடிப்பது ஆபத்து. பலகைகளின் மேல்முனையை டிரெய்லரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. டிரெய்லரின் தளமும் தரையும் சமமாக வரும்படி ஒரு மேட்டு நிலத்தின் ஓரத்தில் டிரெய்லரை ஒட்டி நிறுத்தினால், ஏற்றமே இல்லாமல் தள்ளிவிடலாம்.

சரிவில் ஏற்றுவதாக இருந்தால், ஹேண்டில்பாரை நேராக வைத்து இருபுறமும் கட்டிவிட்டு, செயின் பிளாக் போட்டு மெதுவாக இழுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒருவர் பக்கவாட்டில் நின்றபடி, ஒவ்வோர் அடி ஏறியதும் நீளமான பிடி போட்ட ஆப்புக் கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டே வர வேண்டும்.

எடை, டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். அச்சுக்குப் பின்னால் விழுந்தால் டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். லோடு ஆட்டோவில் என்ஜின் பின்பக்கம் இருப்பதால், எடையும் அங்கேதான் அதிகம். வசதி இருந்தால், ஆட்டோவின் பின்பக்கம் டிராக்டரைப் பார்க்கும்படி ஏற்றலாம். பிரேக் போடும்போது முன்னால் தள்ளும் எடையை ஒற்றைச் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சக்கரங்கள் தாங்கும், சாய்வது குறையும்.

எங்கே கட்ட வேண்டும்?

வண்டி ஏறியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விடுங்கள். மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை வையுங்கள். எதிரெதிர்க் கட்டைகளை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினால் நழுவாது.

பிறகு நான்கு மூலைகளிலும் நான்கு கட்டு. முன்னால் இரண்டும் முன்பக்கமாக, வெளிப்புறம் விரிந்து இழுக்க வேண்டும். பின்னால் இரண்டும் பின்பக்கமாக, வெளிப்புறம் விரிந்து இழுக்க வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் வண்டி முன்பின் நகர்வதை அது அதிகம் தடுக்காது. தரையிலிருந்து 45 டிகிரி அல்லது அதற்குச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். வண்டியில் ஒற்றைச் சக்கரம் உள்ள பக்கம்தான் சுலபமாகச் சாயும். அந்தப் பக்கத்து இரண்டு கட்டுகளில் அலட்சியம் கூடாது.

ஹேண்டில்பார், கண்ணாடிச் சட்டம், மட்கார்டு, மெல்லிய பம்பர் குழாய், தகட்டு பாடி ஆகியவற்றில் கட்டக் கூடாது. சேசிஸ் சட்டத்திலும், பின்சக்கரத்தைத் தாங்கும் கையிலும், முன்சக்கர ஃபோர்க்கின் அடிப்பகுதியிலும் கட்டுங்கள். பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் ஆகியவற்றின் மீது கட்டு அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லரிலும் அப்படியே. தார்ப்பாய் கட்டுவதற்காக வெல்டிங் வைத்த சின்னக் கொக்கிகளை நம்ப வேண்டாம். டிரெய்லரின் சேசிஸிலேயே மாட்டுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, ஸ்பிரிங். பாடியை மட்டும் கட்டினால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும், கட்டு தளரும், கொக்கி கழன்றுவிடும். சக்கரத்தோடு சேர்ந்த பாகத்தில் கட்டினால் இந்தச் சிக்கல் வராது. சேசிஸில் கட்டும்போது, ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும் அளவுக்கு இறுக்குங்கள். முழுவதும் அமுக்க வேண்டாம்.

கயிறா, பெல்ட்டா?

லாரிகளில் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட்தான் நல்லது. அதில் தைத்திருக்கும் சீட்டில் ‘எல்.சி.’ என்று ஓர் எண் இருக்கும். அது டெக்கா நியூட்டன் கணக்கு. ஒரு டெக்கா நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவின் எடை. நான்கு பெல்ட் கட்டினாலும், வண்டி முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும் இரண்டுதான் வேலை செய்கின்றன. சாய்வாகக் கட்டுவதால் அவற்றின் முழு பலமும் கிடைக்காது. அதனால், ஒவ்வொன்றும் 1,000-க்குக் குறையாமல் இருக்கட்டும். சீட்டு இல்லாத பெல்ட்டையும், ஓரம் கிழிந்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

நைலான் கயிறு நீளும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் உளுத்துப்போகும், முடிச்சும் நழுவும். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி. எந்தக் கயிறாக இருந்தாலும், முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் பலம் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். அதே காரணத்துக்காக, பெல்ட்டில் முடிச்சே போடக் கூடாது. கூர்மையான விளிம்பில் பெல்ட் உரசினால், பழைய பாசனக் குழாயை நீளவாக்கில் கீறி உறையாகப் போடுங்கள்.

வழியில்...

கிளம்பி 2 கி.மீ. போனதும் நிறுத்தி, எல்லாக் கட்டுகளையும் இறுக்குங்கள். கட்டாயம் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். அதன் பிறகு 10 கி.மீ.க்கு ஒருமுறை பாருங்கள். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. மொத்த எடையையும் டிராக்டர்தான் நிறுத்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மெதுவாகவே போங்கள். டிரெய்லர் மீது ஆட்டோ நிற்கும்போது மொத்த உயரம் 9 அடியைத் தாண்டிவிடும். வயல் ஓரத்தில் தொங்கும் மின்கம்பி, மரக்கிளை, ரயில்வே சுரங்கப்பாதை ஆகியவற்றில் கவனம் தேவை. இருட்டுவதற்குள் போய்ச் சேருவது நல்லது. தாமதமானால், டிரெய்லரின் பின்னால் விளக்கும் சிவப்பு ஒளிப்பட்டையும் தெரிய வேண்டும்.

கேள்வி: ‘‘என் தம்பி மாற்றுத்திறனாளி. அவருக்கு அரசு கொடுத்த, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரையும் இதே மாதிரி கட்டலாமா?’’
– வாசகர், ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: முறை அதேதான். எடை குறைவு என்பதால் நான்கு சிறிய பெல்ட்டுகள் போதும். ஆனால், இதில் வெளியே தெரிவது பெரும்பாலும் பிளாஸ்டிக். சீட், கைப்பிடி, பிளாஸ்டிக் மூடிகள் மீது பெல்ட் போட்டால் உடையும். உடைந்ததும் கட்டு தளரும். பின்பக்கம், பக்கச் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஸ்கூட்டரின் சேசிஸோடு சேரும் இடத்தில் கட்டுங்கள். முன்பக்கம், ஃபோர்க்கின் அடிப்பகுதியில் கட்டுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டாம், சக்கரங்களிலேயே நிற்கட்டும். இறக்கிய பிறகு, பக்கச் சக்கரங்களின் போல்ட், நட்டுகளை ஸ்பேனர் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் தம்பியிடம் ஓட்டக் கொடுக்க வேண்டும். வண்டியோடு சேர்த்து தம்பியையும் டிரெய்லரில் உட்கார வைக்க வேண்டாம். டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால், இதையே காரணம் காட்டி இன்சூரன்ஸ் இழப்பீடும் மறுக்கப்படலாம். அவர் பஸ்ஸில் வரட்டும். வண்டி டிரெய்லரில் வரட்டும்.