கணிதத்துக்கு வேலி போடாதீர்கள்

ஆக்கவுரிமை கிடைத்தாலே அது புதுமைதான் என்கிறார்கள் சிலர். இல்லை. தரவுச் சுருக்கத்தையே பாருங்கள். அடிக்கடி வரும் குறிக்குக் குறைந்த பிட், அரிதானதற்குக் கூடிய பிட்: இதுதான் என்ட்ரோபிக் குறியாக்கத்தின் அடிப்படை. அந்த வகையில் ஏஎன்எஸ் (asymmetric numeral systems) என்ற முறையைப் போலந்தின் யாரெக் டூடா 2007 முதல் கட்டுரைகளாக வெளியிட்டு, எல்லோருக்கும் பொதுவாக்கினார். ஆனாலும் அதன் ஒரு வடிவத்தைச் செயற்படுத்தும் நுட்பங்களுக்கு மைக்ரோசொப்ட் 2022 ஜனவரியில் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றது. முதலில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் அது!

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணித முறைகளுக்கு ஆக்கவுரிமை தராது. அந்தக் கோடு அழியக்கூடாது. ஆக்கவுரிமை விண்ணப்பங்களின் பரிசோதகர் பழைய ஆக்கவுரிமைகளோடு நில்லாமல் ஆய்வுக் கட்டுரைகளையும் திறந்த நிரல்களையும் தேடவேண்டும். வவுணதீவில் சிறிய டேட்டா கார்டில் பாட வீடியோ பார்க்கும் பிள்ளைக்கும் இந்தப் பொது அறிவில் பங்குண்டு.