முதல் வேறு, லாபம் வேறு

கடைவீதி வியாபாரிகள் பத்துப் பேர் கூடி, மாதாமாதம் பணம் போட்டுப் பங்கு வாங்கக் குழு அமைப்பது நல்ல யோசனைதான். ஆனால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1983இல் பெண்கள் சிலர் இப்படியொரு குழு தொடங்கினார்கள். 1984 முதல் 1993 வரை ஆண்டுக்கு 23.4 சதவீத லாபம் என்றார்கள், புத்தகமும் வெளியிட்டார்கள். 1998இல் தணிக்கை செய்ததில் உண்மை லாபம் 9.1 சதவீதம்தான். உறுப்பினர்கள் கட்டிய சந்தாவும் லாபத்தில் சேர்ந்திருந்தது!

காலையில் கல்லாவில் போடும் சில்லறையை நாம் விற்பனை வரவில் எழுதுவோமா? குழுவிலும் சந்தாவுக்குப் பேரேட்டில் தனிப் பக்கம் ஒதுக்குவோம். விலகுவோருக்குப் பணம் தரும் முறையை முதலிலேயே எழுதி வைப்போம். ஆண்டுதோறும் குழுவில் சேராத ஓர் ஆடிட்டரிடம் கணக்கைக் காட்டுவோம். போடுவது நம் சிநேகிதர்களின் பணமும்கூட.